பொறுத்தவர் முந்துவாரா? – கணிப்பொறி வாங்குவோர்க்கு ஒரு கணக்கு

வகுப்பு முடிந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாண்டு மாணவி ஒருத்தி மேசையருகே வந்து நின்றாள்.

"சார், அப்பா எனக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் பணம் எடுத்து வைத்திருக்கிறார். சீட்டு எடுத்த பணம். கடையில் கேட்டால் இப்போதே வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். அண்ணன் மட்டும், ஆறு மாதத்தில் புதுப் பிராசசர் வரப்போகிறது, பொறுத்தால் இதே பணத்துக்கு இன்னும் வேகமானது கிடைக்கும் என்கிறான். வாங்கலாமா, பொறுக்கலாமா சார்?"

கடைக்காரர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அண்ணன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பழமொழிகளைக் கேட்டால் அவை இரு கட்சிக்கும் சாட்சி சொல்லும். 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று ஒன்று. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று மற்றொன்று. நல்ல வேளையாக, இது பழமொழியைக் கொண்டு தீர்க்க வேண்டிய கேள்வியன்று. பென்சிலும் தாளும் இருந்தால் போதும்.

"நாளைக்கு வா அம்மா, கணக்கோடு சொல்கிறேன்" என்று அனுப்பினேன். இதே கேள்விக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் கணக்குப் போடாமல் விடை சொல்லி, ஓராண்டுக்கு மேல் இழந்தவன் நான். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

இரட்டிக்கும் எண்கள்

மிதிவண்டி வாங்கப் போகிறவர் எவரும், "இன்னும் இரண்டாண்டு பொறுத்தால் இதே விலைக்கு இரு மடங்கு வேகமாக ஓடும் மிதிவண்டி வரும்" என்று எண்ணுவதில்லை. கணிப்பொறியின் மூளை எனப்படும் செயலியில் மட்டும் இந்த எண்ணம் எழக் காரணம் என்ன?

செயலி என்பது நகத்தளவு சிலிக்கன் சில்லு. அதில் டிரான்சிஸ்டர்கள் எனப்படும் மிகச் சிறிய மின் சுவிட்சுகள் பொதிக்கப்பட்டுள்ளன. 1965 ஏப்ரலில் கார்டன் மூர் என்ற அமெரிக்க அறிவியலாளர் 'எலெக்ட்ரானிக்ஸ்' என்ற இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சில்லில் மலிவாக அடக்கக்கூடிய உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இரட்டித்து வருகிறது. இன்னும் பத்தாண்டுகள் இப்படியே போகும் என்றார் அவர். 1975இல் அதைத் திருத்தி, இனி இரண்டாண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்றார். இதையே மூர் விதி என்கிறோம். நியூட்டன் விதி போல இது இயற்கையின் விதியன்று; ஒரு தொழிலின் போக்கைக் கண்டு சொன்ன மதிப்பீடு. அது எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

மதிப்பீடு சரியாயிற்றா? நீங்களே சோதிக்கலாம். 1971இல் வந்த இன்டெல் 4004 செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2000இல் வந்த பென்டியம் 4 செயலியில் 4 கோடியே 20 இலட்சம். 2,300ஐ இரண்டால் பெருக்கிக்கொண்டே போங்கள். பதினான்காம் முறையில் ஏறத்தாழ 3 கோடியே 77 இலட்சம் கிடைக்கும். ஆக 29 ஆண்டுகளில் பதினான்கு முறைக்குச் சற்று மேல் இரட்டித்திருக்கிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை என்றது எவ்வளவு நெருக்கமாக அமைந்துவிட்டது!

டிரான்சிஸ்டர் சிறிதானால் எண்ணிக்கை கூடுவதோடு, அது திறந்து மூடும் வேகமும் கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்த டேவிட் ஹவுஸ் என்ற இன்டெல் அதிகாரி, செயலியின் திறன் 18 மாதங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்றார். மூர் பெயரால் பலர் சொல்லும் '18 மாதம்' உண்மையில் இவருடையது.

சோம்பேறியின் கணக்கு

1999இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்து ஸ்டீவர்டு வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த ஐந்து பேர், பாதி விளையாட்டாகவும் பாதி வினையாகவும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வானியலில் சில கணக்கீடுகள் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில்கூடக் கணிப்பொறியில் ஓடும். அப்படிப்பட்ட கணக்கை இன்றே தொடங்குவதைவிட, சில காலம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு வேகமான கணிப்பொறி வாங்கித் தொடங்குபவர் முன்னதாக முடித்துவிட முடியுமா? இதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. முடியும் என்பது விடை! ஆனால் எல்லோருக்கும் அன்று.

ஒரு கணக்கு இன்றைய கணிப்பொறியில் 60 மாதம் ஓடும் என்று கொள்வோம். திறன் 18 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது, விலை மாறவில்லை. இன்றே தொடங்கினால் 60ஆம் மாதம் முடியும். 18 மாதம் பொறுத்தால் இரு மடங்கு வேகமான பொறி கிடைக்கும். வேலை 30 மாதத்தில் முடியும். மொத்தம் 48 மாதம். 36 மாதம் பொறுத்தால் நான்கு மடங்கு வேகம், வேலை 15 மாதம், மொத்தம் 51. நடுவில் உள்ள மாதங்களையும் கணக்கிட்டால் 12 மாதப் பொறுப்புக்கு மொத்தம் 49.8, 24 மாதப் பொறுப்புக்கு 47.8, 30 மாதத்துக்கு 48.9 என்று வரும். வரைபடத்தாளில் இப்புள்ளிகளைக் குறித்து இணையுங்கள். வளைகோடு முதலில் இறங்கி, ஏறத்தாழ 22ஆம் மாதத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, மீண்டும் ஏறுவதைக் காண்பீர்கள். இருபத்திரண்டு மாதம் திண்ணையில் படுத்திருந்தவர், இன்றே தொடங்கிய சுறுசுறுப்பானவரை ஓராண்டு முந்திவிடுகிறார்.

இப்போது 20 மாதம் ஓடும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றே தொடங்கினால் 20. 18 மாதம் பொறுத்தால் 18 உடன் 10 சேர்ந்து 28. இங்கே சோம்பல் பலிக்கவில்லை.

அப்படியானால் 20க்கும் 60க்கும் இடையில் எங்கோ ஓர் எல்லை இருக்க வேண்டும் அன்றோ? அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டாம். இன்னும் ஒரே ஒரு மாதம் பொறுப்பதால் நான் இழப்பது என்ன, பெறுவது என்ன என்று கேளுங்கள். இழப்பது ஒரு மாதம். பெறுவது, ஓடவேண்டிய நேரத்தில் ஒரு சிறு குறைவு. 18 மாதத்தில் பாதியாகக் குறையும் ஒன்று, ஒரு மாதத்தில் ஏறத்தாழ 3.8 சதவீதம் குறையும். ஆகவே, வேலையின் 3.8 சதவீதம் ஒரு மாதத்தைவிட அதிகமாக இருந்தால் பொறுக்கலாம். குறைவாக இருந்தால் தொடங்கிவிட வேண்டும். எத்தனை மாதத்தின் 3.8 சதவீதம் ஒரு மாதம்? ஏறத்தாழ 26. இதுதான் எல்லை. அரிசோனாக்காரர்கள் கண்டதும் இதே 26 மாதம்தான்.

மேல்நிலை வகுப்பில் நுண்கணிதம் படிப்பவர்கள், மொத்த நேரத்தை வகைக்கெழு கண்டு சுழியாக்கினால் இந்த எல்லை துல்லியமாகக் கிடைக்கும்: இரட்டிக்கும் காலத்தை 0.693ஆல் வகுக்க வேண்டும். 18ஐ 0.693ஆல் வகுத்தால் 25.97.

0.693! இந்த எண்ணை நீங்கள் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறீர்கள். கதிரியக்கத் தனிமத்தின் அரை ஆயுட்காலத்தை 0.693ஆல் வகுத்தால் சராசரி ஆயுட்காலம் வரும். இங்கும் அதே கதைதான். ஓடவேண்டிய வேலை, காலம் போகப்போக ஒரு கதிரியக்கப் பொருளைப் போலத் தேய்கிறது. அதன் அரை ஆயுள் 18 மாதம், சராசரி ஆயுள் 26 மாதம். உங்கள் வேலை அதன் சராசரி ஆயுளைவிடப் பெரிதா சிறிதா என்பதே கேள்வி. அணு உலையும் கணிப்பொறிக் கடையும் ஒரே சமன்பாட்டுக்குள் அடங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. வகுப்பில் இதைச் சொல்லாமல் என்னால் அந்தப் பாடத்தைக் கடக்க முடிவதில்லை.

இழந்த ஓராண்டு

இனி என் கதை. 2004 ஜனவரியில் நான் ஆராய்ச்சி மாணவன். திரவ நிலையில் உள்ள ஆர்கானின் அணுக்கள் ஒன்றையொன்று எப்படித் தள்ளியும் இழுத்தும் நகர்கின்றன என்பதைக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. அணுக்கள் சில ஆயிரம். நேரப் படிகள் பல கோடி. அப்போது கடைகளில் கிடைத்த 3.2 கிகாஹெர்ட்ஸ் செயலியில் அது எட்டு மாதம் ஓடும் என்று மதிப்பிட்டிருந்தேன். கணிப்பொறி வாங்க எங்கள் திட்டத்தில் பணம் இருந்தது. 2005 மார்ச்சுக்குள் செலவழிக்க வேண்டும்.

வாங்கியிருக்கலாம். ஆனால் 4 கிகாஹெர்ட்ஸ் செயலி அந்த ஆண்டே வரப்போகிறது என்ற செய்தி அடிபட்டது. பத்து கிகாஹெர்ட்ஸ்கூட வெகு தொலைவில் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். என் நெறியாளரிடம், "பத்து மாதம் பொறுப்போம் சார், ஒன்றரை மடங்கு வேகமாவது கூடியிருக்கும்" என்றேன். 18 மாத விதிப்படி அது 1.47 மடங்கு, ஆகவே நான் பொய் சொல்லவில்லை. அவர் சம்மதித்தார்.

முதல் தவறு உங்களுக்கு இதற்குள் புலப்பட்டிருக்கும். வேலை எட்டு மாதம். எல்லை 26 மாதம். விதி முழுமையாகப் பலித்திருந்தாலும் நான் பொறுத்திருக்கக் கூடாது. பத்து மாதம் பொறுத்து, 1.47 மடங்கு வேகத்தில் ஐந்தரை மாதம் ஓட்டினால் பதினைந்தரை மாதம். உடனே வாங்கியிருந்தால் எட்டு.

இரண்டாவது, விதியே பலிக்கவில்லை. 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியத்தைக் கைவிட்டதாக இன்டெல் அறிவித்தது. நவம்பரில் வந்தது 3.8. பத்து மாதக் காத்திருப்பின் பலன் 1.19 மடங்கு!

மூன்றாவதை எந்தக் கணித விதியும் சொல்லாது. நவம்பரில் வாங்குவதென்று முடிவு செய்து, மூன்று விலைப்புள்ளிகள் வாங்கி, குழு கூடி, கோப்பு ஒவ்வொரு மேசையாக நகர்ந்துகொண்டிருக்கையில் மார்ச் 31 கடந்துவிட்டது. பணம் திரும்பிப் போயிற்று. ஏப்ரலில், ஆய்வகத்து மூலையில் மூன்றாண்டுகளாக இருந்த 2 கிகாஹெர்ட்ஸ் பழைய பொறியில் என் கணக்கைத் தொடங்கினேன். பதின்மூன்று மாதம் ஓடி 2006 மே மாதம் முடிந்தது. அதற்குள் உதவித்தொகைக் காலம் தீர்ந்துவிட்டிருந்தது. வீட்டில் என்ன சொல்வதென்று தெரியாமல் தனிப்பயிற்சி வகுப்பு எடுத்துக் காலம் தள்ளினேன்.

என்னை இன்றும் உறுத்துவது, திரும்பிப் போன பணமன்று. அந்தப் பழைய பொறி 2004 ஜனவரியிலும் அதே மூலையில்தான் இருந்தது. அன்றே அதில் தொடங்கியிருந்தால் 2005 பிப்ரவரியில் முடித்திருப்பேன். புதியது வந்தால் பாதியில் அதற்கு மாற்றியிருக்கலாம். கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவ்வப்போது வட்டில் பதிந்து வைத்தால், வேறு பொறியில் அதே இடத்திலிருந்து தொடரலாம். நாள்தோறும் இரவு அப்படிப் பதிந்துவைப்பது எங்கள் துறையில் வழக்கமும்கூட.

இந்த மூன்றாம் வழியைச் 'சோம்பேறியின் கணக்கில்' நாம் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? 60 மாத வேலையை இருக்கும் பொறியில் இன்றே தொடங்கி, 22ஆம் மாதத்தில் புதியதற்கு மாற்றுங்கள். 22 மாத வேலை முடிந்திருக்கும். எஞ்சிய 38 மாத வேலை 2.3 மடங்கு வேகத்தில் பதினாறரை மாதத்தில் முடியும். மொத்தம் முப்பத்தெட்டரை மாதம். திண்ணையில் படுத்தவரின் 48 மாதத்தைவிட இது மேல். கையில் ஏதோ ஒரு பொறி இருந்தால், வாங்குவதைத் தள்ளிப்போடலாம். தொடங்குவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வேகம் ஏன் நின்றது?

1993இல் வந்த முதல் பென்டியத்தின் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ் வரை. 2004இல் 3,800 மெகாஹெர்ட்ஸ். பதினோரு ஆண்டுகளில் ஏறத்தாழ 57 மடங்கு. 2024இல் வந்த மேசைக் கணிப்பொறிச் செயலி ஒன்று தொட்ட உச்சம் 6.2 கிகாஹெர்ட்ஸ், அதுவும் குறுகிய நேரத்துக்கு. இருபது ஆண்டுகளில் இரு மடங்குகூட இல்லை. இதற்குக் காரணம் இயற்பியல்.

சுவிட்சு ஒன்று திறந்து மூடும்போது செலவாகும் மின்திறன் மூன்றைப் பொறுத்தது: மின்தேக்குத் திறன், மின்னழுத்தத்தின் இருமடி, அதிர்வெண். இவற்றைப் பெருக்க வேண்டும். 1974இல் ராபர்ட் டென்னார்டும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் அழகான வழியைக் காட்டினார்கள். டிரான்சிஸ்டரின் நீள அகலங்களை எந்த விகிதத்தில் குறைக்கிறோமோ அதே விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைத்தால், அதிர்வெண்ணைக் கூட்டினாலும் ஒரு சதுர செ.மீ. பரப்பில் உண்டாகும் வெப்பம் மாறாது. தொழில் இந்த வழியில் நடந்தது. 1980களில் 5 வோல்ட்டாக இருந்த மின்னழுத்தம், 1990களின் நடுவில் 3.3 ஆகி, 2004இல் 1.4 வோல்ட்டை ஒட்டி வந்துவிட்டது.

அதற்குமேல் இறங்க மறுத்தது. டிரான்சிஸ்டரை ஒரு தண்ணீர்க் குழாயாக எண்ணுங்கள். எவ்வளவுதான் மூடினாலும் சிறிது சொட்டும் குழாய் அது. மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டுமானால், குழாய் திறக்கத் தொடங்கும் அழுத்தத்தையும் கூடவே குறைக்க வேண்டும். அறை வெப்பநிலையில் அதை 60 மில்லிவோல்ட் குறைத்தால் கசிவு மின்னோட்டம் பத்து மடங்காகும்; 120 மில்லிவோல்ட் குறைத்தால் நூறு மடங்கு. இந்த 60 எங்கிருந்து வந்தது? எலெக்ட்ரான்களின் வெப்ப அசைவிலிருந்து. போல்ட்ஸ்மான் மாறிலியைத் தனிவெப்பநிலையால் பெருக்கி எலெக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்தால் 26 மில்லிவோல்ட், அதை 2.303ஆல் பெருக்கினால் 60. சிலிக்கனைச் செதுக்குவதில் எவ்வளவு தேர்ச்சி பெற்றாலும், சாதாரண டிரான்சிஸ்டரில் இந்த எண்ணைத் தாண்ட முடியாது.

மின்னழுத்தம் குறையாமல் அதிர்வெண்ணைக் கூட்டினால் என்னாகும்? அந்த 3.8 கிகாஹெர்ட்ஸ் செயலி, ஏறத்தாழ ஒரு சதுர செ.மீ. பரப்பில் 115 வாட் வெப்பத்தை வெளியிட்டது. வீட்டு இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். அதன் அடித்தட்டு 200 சதுர செ.மீ. என்று கொண்டால் சதுர செ.மீ.க்கு 5 வாட். இஸ்திரிப் பெட்டியைவிட இருபது மடங்கு நெருக்கமான வெப்பத்தை ஒரு மின்விசிறி ஊதித் தணிக்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் தாங்காது என்று எல்லோரும் வழியை மாற்றிக்கொண்டார்கள். 2005இல் ஒரே சில்லில் இரண்டு செயலகங்களைக் கொண்ட மேசைக் கணிப்பொறிகள் விற்பனைக்கு வந்தன. இன்று எட்டும் பதினாறும் சாதாரணம்.

பதினாறு செயலகம் என்றால் பதினாறு மடங்கு வேகம் என்று விளம்பரம் நம்மை நினைக்க வைக்கும். கல்யாணச் சமையலில் காய் நறுக்கப் பதினாறு பேரை உட்கார வைக்கலாம். சாம்பார் கொதிக்க வேண்டிய நேரத்தைப் பதினாறு பேர் சுற்றி நின்றாலும் குறைக்க முடியாது. வேலையில் பத்தில் ஒரு பங்கு இப்படிப் பிரிக்க முடியாததாக இருந்தால், ஆயிரம் செயலகம் வைத்தாலும் பத்து மடங்கு வேகத்தை எட்ட முடியாது. ஜீன் ஆம்டால் 1967லேயே இதை எடுத்துக்காட்டினார்.

இன்றைய எல்லை எது?

இப்போது நம் 26 மாத எல்லைக்குத் திரும்புவோம். அது 18 மாத இரட்டிப்பை நம்பி எழுந்தது. உண்மையான வளர்ச்சி என்ன? 2017ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்ற ஹென்னெஸ்ஸியும் பேட்டர்சனும் தம் பாடநூலில், தனிச் செயலகத்தின் திறன் ஆண்டுதோறும் கூடிய விகிதத்தைத் தொகுத்திருக்கிறார்கள். 1986 முதல் 2003 வரை ஆண்டுக்கு 52 சதவீதம். அதன்பின் 2011 வரை 23. பிறகு 2015 வரை 12. 2015 முதல் 2018 வரை 3.5 சதவீதம்!

கூட்டு வட்டிக் கணக்குதான் இது. 52 சதவீத 'வட்டியில்' இருபது மாதத்தில் இரட்டிக்கும், 3.5 சதவீதத்தில் இரட்டிக்க இருபது ஆண்டுகள். பொறுப்பதற்கான எல்லையும் அதற்கேற்ப விலகிப்போகிறது. 52 சதவீதத்தில் எல்லை 2.4 ஆண்டு, 23இல் 4.8 ஆண்டு, 12இல் 8.8 ஆண்டு, 3.5இல் 29 ஆண்டு. ஒரு கணக்கு 29 ஆண்டுகளுக்கு மேல் ஓடுமானால்தான், அந்த வளர்ச்சியை நம்பிப் பொறுத்திருப்பதில் பொருளுண்டு. 2018க்குப் பின் வேகம் ஓரளவு மீண்டிருக்கிறது. ஆயினும் பழைய 52 திரும்பவில்லை. ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரிக்கக்கூடிய வேலைகளுக்கு, படங்களை வரைவதற்கென்று உருவான வரைகலைச் செயலிகள் இதைவிட விரைவாக வளர்ந்து வருகின்றன. அவ்வேலை செய்பவர்கள் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

"வேகம் கூடாவிட்டால் போகிறது, விலையாவது குறையுமே" என்பீர்கள். பொதுவாகக் குறையும். புதிய வகை வெளிவரும் வாரங்களில் பழைய வகையின் விலை இறங்குவதுண்டு. அது இரண்டொரு வாரத்தில் நிகழுமானால் பொறுப்பதில் தவறில்லை. ஆனால் விலை ஏறவே ஏறாது என்று எண்ண வேண்டாம். 2011இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து, அங்கிருந்த வட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகெங்கும் வட்டுகளின் விலை திடீரென உயர்ந்தது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் தொடங்கிய சில்லுத் தட்டுப்பாட்டில் வரைகலை அட்டைகளை விற்றவர்கள் சொன்னதே விலையாக இருந்தது.

எல்லோரும் பொறுக்கத் தொடங்கினால் உற்பத்தியாளர் பாடு என்னவாகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1981இல் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க நிறுவனம் 1,795 டாலருக்குக் கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணிப்பொறியை விற்றது. நன்றாக விற்றுக்கொண்டிருக்கையில் அடுத்த வகையைப் பற்றி முன்கூட்டியே பேசிவிட்டதால், வாங்க வந்தவர்கள் புதியதற்குக் காத்திருந்தார்கள் என்றும், பழையது கிடங்கில் தேங்கியது என்றும் சொல்வார்கள். 1983 செப்டம்பரில் நிறுவனம் திவாலாயிற்று. போட்டியாளர்கள்தாம் காரணம் என்று வாதிடுவோரும் உண்டு. அறிவிப்பைக் காலம் பார்த்து வெளியிடும் வழக்கம் இத்தொழிலில் இன்றும் இருக்கிறது.

மறுநாள் அந்த மாணவி வந்தாள். "அந்தக் கம்ப்யூட்டரில் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன். நிரல் எழுதப் பழக வேண்டும், ஊசலின் இயக்கத்தை வரைந்து பார்க்க வேண்டும், இரண்டாமாண்டில் செயல்திட்டம் ஒன்று என்றாள். ஊசல் கணக்கு இன்றைய எந்தப் பொறியிலும் சில நொடி வேலை. அவளுக்கு முன்னால் இருக்கும் பெரிய வேலை, நிரல் எழுதக் கற்பது. அது செயலியில் ஓடுவதில்லை. அவள் தலைக்குள் ஓடுகிறது. அதன் வேகம் 18 மாதத்துக்கு ஒருமுறை தானாக இரட்டிப்பதும் இல்லை. ஆறு மாதம் பொறுத்தால் ஆறு மாதம் போனதுதான்.

மேலே சொன்ன கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். மிக உயர்ந்த செயலிக்குப் பணத்தைக் கொட்டாமல், நடுத்தரச் செயலியும் கூடுதல் நினைவகமும் வாங்கும்படி சொன்னேன். நினைவகம் போதாமல் செயலி வட்டின் வாசலில் காத்துக்கிடந்தால், அதன் வேகத்தால் என்ன பயன்? ஆம்டாலின் சாம்பார் கணக்குதான் இங்கும்.

தாளை வாங்கிக்கொண்டவள், "அண்ணனிடம் காட்ட வேண்டும் சார்" என்றாள். அவனுக்கென்று கீழே ஒரு கணக்கும் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒரு வேலை இன்றைய பொறியில் 15 ஆண்டு ஓடும். திறன் ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுகிறது. (1) எத்தனை முழு ஆண்டுகள் பொறுத்துத் தொடங்கினால் மிக முன்னதாக முடியும்? (2) பொறுக்காமல் இன்றே பழைய பொறியில் தொடங்கி, அதே ஆண்டில் புதியதற்கு மாற்றினால் எப்போது முடியும்?

விடை: (1) 5 ஆண்டு பொறுக்க வேண்டும், மொத்தம் 13.5 ஆண்டு. (2) ஏறத்தாழ 10.7 ஆண்டு.